உனக்காக நின்ற படகுகள்

அக்கா,

உன் கராத்தே உடுப்பு இன்னும் என் தையல் கடையில்தான் தொங்குகிறது. உடம்பு இளைத்துவிட்டது, இடுப்பைக் கொஞ்சம் பிடித்து வை என்று சொல்லி நீயே மாட்டிவிட்டுப் போன அதே ஆணியில். இன்று காலை நெரவியிலிருந்து ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். நான் டேப்பை அவள் தோளில் வைத்திருக்கும்போதே தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள். "இது அந்த மீன்காரம்மாதுதானே? அம்பது வயசுல கராத்தே பழகறேன்னு போயி நெஞ்சடைச்சு செத்துப்போச்சே, அதானே?" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள்.

"எவ சொன்னா ஒனக்கு?" என்றேன்.

"எல்லாரும் சொல்றாங்கக்கா."

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு, பாப்போம்."

பேர் வரவில்லை. எப்படி வரும்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவள் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவள் என்ன செய்வாள், காதில் விழுந்ததைச் சொன்னாள். ஆனால் எனக்கு அளவு தப்பிப்போனது. கைக்குழியை மறுபடி அளக்க வேண்டியதாயிற்று.

அவள் போன பிறகு உடுப்பை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். சோப்புத்தூள் வாசனை, அதற்கு அடியில் மீன். எப்படித் துவைத்தாலும் போகாத உன் வாசனை. அதற்காக நீ ஒரு நாளும் கூசியதில்லை. "எம் மேல மீன் வாசம் அடிக்கலன்னாதான்டி நீ பயப்படணும்" என்பாய்.

உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியும். ஆனால் நெஞ்சுக்குள் கிடந்து வேகிறதே, அதை எங்கே கொட்டுவது? ஊரைத் திட்ட வேண்டும். உன் வீட்டைத் திட்ட வேண்டும். எல்லாருக்கும் முன்னால் உன்னைத் திட்ட வேண்டும். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். முடிந்தால் எழுந்து வந்து திருப்பித் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான். ஆஸ்பத்திரியில் சுகர் பார்க்கிற வரிசை. எல்லாரும் வெறும் வயிற்றோடு நிற்கிறோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் "ஒரு நிமிஷம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நுழைகிறார். எங்களில் ஒருத்திக்கும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது பார்: "ஏங்க, நாங்கள்லாம் இங்க தேர் பாக்கவா நிக்கிறோம்?" மனிதர் யார் கத்தியது என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் வரிசைக் கடைசிக்குப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். மூக்குத்தி, வெற்றிலை வாய், இடுப்பில் செருகிய சுருக்குப்பை. அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று.

இரண்டு பேருக்கும் டாக்டர் ஒரே மாத்திரை எழுதினார், ஒரே புத்திமதி சொன்னார்: தினம் நடங்க. நீ விடவில்லை. "தலையில கூடைய வச்சுக்கிட்டு தெருத்தெருவா நான் நடக்கற நடைக்கு எனக்கு இந்த வியாதி வந்திருக்கவே கூடாதுங்க. இன்னும் எங்க நடக்கச் சொல்றீங்க, வேளாங்கண்ணிக்கா?" டாக்டரே சிரித்துவிட்டார். அப்புறம் சாயங்காலங்களில் கடற்கரைச் சாலையில் நடந்தோம். நடந்தோம் என்பது சும்மா, பேசினோம். உட்கார்ந்து சுண்டல் தின்றோம். சுகர் குறையவே இல்லை.

எங்கள் மாதா கோயில் மண்டபத்துக் கேட்டில் அந்தப் போர்டைப் பார்த்தது நீதான். பெண்களுக்குக் கராத்தே, வயது வரம்பு இல்லை என்று எழுதியிருந்தது.

"வயசு வரம்பு இல்லியாம்டி. நம்மளத்தான் கூப்புடறாங்க."

"நாப்பத்தெட்டு வயசுல காலைத் தூக்கி ஒதைக்கவா? போக்கா."

"ஏன், யாரையாச்சும் ஒதைக்கணும்னு ஒனக்கு ஒரு நாளும் தோணுனதே இல்லியா?"

தோன்றியிருக்கிறது. அதனால் சேர்ந்தேன்.

மாஸ்டர் நம் பிள்ளைகள் வயது. பகலில் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் நிலக்கரித்தூசி படிந்த பைக்கில் வந்து இறங்குவார். முதல் நாள் நம்மைப் பார்த்து, "பிள்ளைங்களச் சேக்க வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, நாங்களேதான் பிள்ளைங்க" என்றாய். உடுப்பு முழு வெள்ளையில் இருக்க வேண்டும் என்றார் அவர். அங்கே வந்தது வம்பு. உன் மாமியார் வாசலில் உட்கார்ந்து தெரு கேட்க ஒப்பாரி வைத்தார்களாம்: "எம் மவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இவளுக்கு வெள்ளை உடுத்தணுமாமே!" நீ அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே என் கடைக்கு வந்தாய். உன் பழைய சிவப்புச் சேலையின் ஓரத்தைக் கிழித்துக் கொண்டு வந்திருந்தாய். "இதைக் கழுத்துப்பட்டிக்கு உள்ள வச்சுத் தைச்சுடு. சுத்த வெள்ளை இல்லன்னு சொல்லிக்கலாம்." தைத்தேன். வெளியே தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிறது. இன்று தடவிப் பார்த்தேன், தையல் கொஞ்சமும் விடவில்லை.

அந்தப் பயிற்சியை நீ என்னமாய்ப் பிடித்துக்கொண்டாய்! எனக்குக் கால் இடுப்புக்கு மேல் போகவே போகாது. உனக்கு அலைத் தண்ணீரில் நின்று பழகிய கால், அசைக்க முடியாது. ஆனால் உன்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தது சத்தத்துக்காக. குத்துவிடும்போது வயிற்றிலிருந்து ஒரு கத்து கத்த வேண்டும் என்பது அந்த வித்தையில் ஒரு முறை. நீ முதல் தரம் கத்தியபோது கோயிலுக்குள் பூ வைத்துக்கொண்டிருந்த உபதேசியார் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தார். எனக்கோ விக்கல் மாதிரி ஏதோ வந்தது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் ஜெபத்தைக்கூட உதட்டுக்குள் சொல்லித்தான் வளர்ந்தோம். நீ என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாய். "இங்கேருந்து வரணும்டி. தொண்டையில கத்துனா ஒனக்குத்தான் வலிக்கும். வயித்துலேருந்து கத்துனாதான் எதிராளிக்கு ஒறைக்கும்." ஒரு வருஷம் ஆகியும் எனக்கு அது வரவில்லை. மாஸ்டர் விட்டுவிட்டார், நீ விடவில்லை.

சுகர் இறங்கியது. முட்டிவலி போனது. மஞ்சள் பெல்ட் வாங்கிய அன்று நீ அதை மீன் மார்க்கெட்டில் இடுப்பில் கட்டிக்கொண்டே உட்கார்ந்து விற்றாய். "பேரம் பேசறவங்க பாத்துப் பேசுங்க" என்று மிரட்டினாயாம். அன்றைக்கு மத்தியானத்துக்குள் கூடை காலி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இப்படிப்பட்டவள் வீட்டில் எப்படி இருந்தாய் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு தரம் உன் வீட்டுக்கு வந்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டுக்காரர் கூடத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நீ அவரிடம் சொல்ல வேண்டும். அடுப்படி நிலைப்படியில் ஒரு தோளைச் சாய்த்து நின்றுகொண்டு சொன்னாய். எனக்கே கேட்கவில்லை. அவர் "ம்" என்றார். நீ திரும்பி வந்துவிட்டாய். "என்னக்கா இது, ஏலத்துல நீ ஒரு விலை கேட்டா அடுத்தவ வாயே திறக்க மாட்டா, இங்க இப்படி முனகுற?" என்று கேட்டேன். "வீட்டுல கத்துனா வீடு தாங்காதுடி" என்று சொல்லி எனக்கு டீ ஆற்றினாய். அன்றைக்கு அது ஏதோ பெரிய வார்த்தை போலத் தோன்றியது எனக்கு. இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. வீடு தாங்காதாம்! வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தவளே நீதான்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகளெல்லாம் கரையேறின. உங்கள் வீட்டில் பலகைக்கு ஒட்டுப் போடுவதும் சாயம் அடிப்பதுமாக ஒரே வேலை. நீ இடது கையைத் தேய்த்துக்கொண்டே வகுப்புக்கு வந்தாய். தோளிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் இழுக்கிறது என்றாய். அந்த வாரம் முழுக்க மாஸ்டர் இடது கையால் தடுக்கிற பயிற்சிதான் கொடுத்திருந்தார். "தடுத்துத் தடுத்துப் பிடிச்சுக்கிட்டிருக்குடி" என்றாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. தைலம் தேய்த்துவிட்டேன். சரியாகப் போய்விட்டது என்று நீயும் சொன்னாய்.

ஆனால் மண்டபத்துப் படி ஏறும்போது உனக்கு வேர்த்துக் கொட்டிய அன்று நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் உன்னிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்: "கை வலி கையில இல்லம்மா, நெஞ்சுல. பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க. அதுவரைக்கும் கராத்தே வேணாம், பாரம் தூக்க வேணாம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வாசலில் நாம் போட்ட சண்டையை அந்தக் கடைக்காரர் இன்னும் மறந்திருக்க மாட்டார்.

"நாளைக்கே போவோம். நான் கடைய மூடிட்டு வர்றேன்" என்றேன்.

"மெல்லப் பேசுடி. தடை முடியப்போவுது. படகு எறங்கற நேரத்துல ஆஸ்பத்திரிங்கற வார்த்தையே வீட்டுல வரக் கூடாது."

"கடலுக்குப் போறது படகா, நீயா?"

"ஒனக்குத் தெரியாது. மொத பாட்டுக்கு வலை எடுத்துட்டுப் போறப்ப எவளாவது நோவுன்னு படுத்தான்னா மீன்பாடு சரியா வராதும்பாங்க. அப்புறம் வலை கிழிஞ்சாலும் இஞ்சின் நின்னாலும் வருஷம் பூரா எந் தலையிலதான் விடியும். மொத பாடு முடியட்டும். நானே வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்."

உன் வீட்டில் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். என் கோபம் தெரிகிறதா உனக்கு? நான் சொன்னால் உன் தலை போய்விடுமென்று என் வாயைக் கட்டினாய். நான் வாயைக் கட்டினேன், தலை போய்விட்டது.

போகிற வழியில்தான் கடைக்கு வந்து இந்த உடுப்பைக் கொடுத்தாய். "பாண்டி போயிட்டு வந்து போட்டுக்கறேன், இடுப்பைப் பிடிச்சு வை." டாக்டர் இரண்டு சொன்னார் அக்கா: கராத்தேயை நிறுத்து, கூடையை இறக்கு. நீ எதை நிறுத்தினாய்? வாரத்தில் சில மணி நேரம் உனக்கென்று இருந்த ஒன்றை அந்த நிமிஷமே கழற்றிக் கொடுத்தாய். கூடையைத் தலையிலேயே வைத்துக்கொண்டாய். கூடையை இறக்க வேண்டுமென்றால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும், கராத்தேயை நிறுத்த யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். அவ்வளவுதானே கணக்கு?

முதல் பாடு நல்ல பாடு. அதையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நல்ல மீன் வந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலத்தில் நீ விலை கேட்டுக்கொண்டிருந்தாயாம். உன் சத்தம்தான் முன்னால் நின்றதாம். அடுத்த விலை சொல்ல வாய் திறந்த நீ அப்படியே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தாய் என்றார்கள். வேடிக்கை காட்டுகிறாய் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

நான் ஓடிவந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சிவப்புப் புடவை, நெற்றி நிறைய குங்குமம், தலை நிறைய பூ. உன் மாமியார் உன் கன்னத்தைத் தடவி அழுதுகொண்டே, "மஞ்சளும் பூவுமாப் போயிட்டாளே, குடுத்து வச்சவ" என்றார்கள். சுற்றி இருந்த பெண்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். குடுத்து வச்சவளாம்! எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. என்ன குடுத்து வைத்தாய் நீ? ஒரு நாள் லீவு குடுத்து வைத்தாயா? பாண்டிக்கு ஒரு பஸ் டிக்கெட் குடுத்து வைத்தாயா?

அதைவிடப் பெரியது வெளியே இருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தேன். கரையில் உங்கள் ஊர்ப் படகுகள் வரிசையாக நின்றன. ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. "சாவு விழுந்தா எங்க ஊர்ல யாரும் தொழிலுக்குப் போக மாட்டோம்மா. அந்த மரியாதைய வுட மாட்டோம்" என்று ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். நல்ல வழக்கம்தான். யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் படகுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தலைக்கு ஏறியது. தடை முடிந்த வாரம், பாடு பொங்கி வருகிற வாரம், ஊர் முழுக்க ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு நிற்கிறது. உனக்காக! நீ உயிரோடு இருந்தபோது உனக்காக ஒரே ஒரு படகு ஒரே ஒரு நாள் நின்றிருந்தால் போதுமே. அதைக் கேட்கக்கூட உனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே செத்தபிறகு எல்லாப் படகும் நின்றது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். யாருக்கு வேண்டும் அது?

அடுத்த நாளே படகுகள் போய்விட்டன. ஊர்ப் பேச்சு மட்டும் கரையிலேயே நின்றது. கராத்தேதான் காரணமாம். இந்த வயதில் பெண்களுக்கு இது தேவையா என்றார்களாம். நீ வகுப்பை விட்ட பிறகுதான் போனாய் என்பது ஒருவருக்கும் தெரியாது, சொன்னாலும் காதில் ஏறாது. முப்பது வருஷம் கூடை சுமந்தது யாருக்கும் காரணமாகப் படவில்லை. ஒரு வருஷம் கால் தூக்கியது காரணமாகிவிட்டது. மண்டபத்துக் கமிட்டியில் கூடிப் பேசி, கொஞ்ச நாளைக்குப் பெண்கள் வகுப்பை நிறுத்தி வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்தவர்கள் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, "நான் மொதல்லயே எல்லாருக்கும் நெஞ்சைப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்கணும்மா" என்கிறார். சொல்லியிருக்க வேண்டும்தான். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் ஊரில் அவர் ஒருத்தர்தான் அப்படி ஒரு வார்த்தை சொன்னவர்.

உன் கருமாதி முடிந்த பிறகு ஒரு மத்தியானம் உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அவ உடுப்பு ஏதோ ஒண்ணு இங்க கெடக்குதாமே. அதை எரிச்சுடணும்னு அம்மா சொல்லுது. அந்தக் கருமத்தாலதானே எல்லாம்."

"உக்காருங்கண்ணே" என்றேன். அவர் உட்கார்ந்தார். அவ்வளவுதான், சத்தியமாவது ஒன்றாவது. எல்லாவற்றையும் கொட்டினேன். கை வலி, வேர்வை, டாக்டர் சொன்னது, டீக்கடைச் சண்டை, முதல் பாடு. "எரிக்கறதா இருந்தா அந்தக் கூடைய எரிங்கண்ணே. அவளுக்காக ஊரே ஒரு நா நின்னுச்சே, நீங்க ஒரு நா நின்னிருந்தா அவ இருந்திருப்பா" என்றேன்.

அவர் என் மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"சொன்னாம்மா" என்றார். "பாண்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும்னு சொன்னா. நான் படகுக்கு அடியில படுத்து ஒட்டுப் போட்டுக்கிட்டு கெடந்தேன். தடை முடிஞ்சு போலாம்னேன். அங்க இருக்கற அவ தங்கச்சி வீட்டுக்குன்னு நெனச்சேன். எதுக்குன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல."

எழுந்து போகும்போது அந்த உடுப்பை ஒரு தரம் பார்த்தார். தொடவில்லை. "ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி உன் மேல் திரும்பிவிட்டது அக்கா. கேட்காதவருக்குப் பாதி, சொல்லாதவளுக்குப் பாதி. நிலைப்படியில் சாய்ந்து நின்று முனகியிருப்பாய், எனக்குத் தெரியாதா? படகுக்கு அடியில் கிடக்கிற மனுஷனுக்கு அது எங்கே கேட்கும்? உபதேசியாரைக் கோயிலிலிருந்து ஓடிவர வைத்த அந்தக் கத்தில் கால்வாசி போதுமே. "யோவ், எனக்கு நெஞ்சு வலிக்குது, எழுந்து வாய்யா" என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம். அதைக் கேட்டு இடிந்து விழுகிற வீடாக இருந்தால் விழுந்து தொலையட்டுமே. வீட்டை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

நான் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். பெண்கள் வகுப்பை மூடினால் அந்தப் பேச்சு உண்மை என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நாற்பது தாண்டிய பெண்கள் நெஞ்சைச் சோதித்து டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் திறக்கலாம் என்றார். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நாம் சேர்ந்த அன்றைக்கே இருந்திருக்க வேண்டிய விதி.

முதல் ஆளாக நானே போனேன். ஈசிஜி பார்த்த டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை பாண்டியில மெஷின்ல ஓடவிட்டுப் பாத்துடலாம்மா. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாத்துடணும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க கோயில் திருவிழா வருது டாக்டர், துணி நெறையக் கெடக்கு. திருவிழா முடியட்டும்" என்றேன். சொல்லிவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

இன்று காலை அந்த நெரவிப் பெண் போன பிறகு உன் உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மொத பாடு முடியட்டுமாம், மொத பாடு முடியட்டுமாம் என்று வாய்விட்டுச் சொல்லித் திட்டினேன். அப்போதுதான் என் குரல் என் காதில் விழுந்தது. திருவிழா முடியட்டும். அதே வார்த்தை, அதே ராகம். உனக்குப் படகு, எனக்குத் தையல் மெஷின். உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது சொல்லு.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் தானாக அடுப்படி நிலைப்படிக்குத்தான் போனது அக்கா, நம்புவாயா? தோள்கூடச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த தோளை எடுத்தேன். கூடத்துக்கு நடுவில் வந்து, மாஸ்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி காலை அகட்டி நின்றேன்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல பாண்டி போறேன்" என்றேன்.

"திருவிழாத் துணி தலைக்கு மேல கெடக்குன்னு சொன்ன? அடுத்த மாசம் போயேன்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாளைக்குத்தான் போறேன். என் நெஞ்சைப் பாக்கப் போறேன். டாக்டர் சொல்லியிருக்காரு. சோறு நீங்களே வடிச்சுக்குங்க!"

எங்கிருந்து வந்தது அந்தச் சத்தம்? ஒரு வருஷமாக நீ என் வயிற்றை அழுத்தி அழுத்திக் கேட்டாயே, அது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோனது. எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி கத்துற? தெருவே பாக்குது."

"கத்தலைங்க" என்றேன். "சொன்னேன்."

அவர் டிவியை நிறுத்தினார். எழுந்து என் முன்னால் வந்து நின்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எதுக்குப் பாக்கணும்னாரு? என்னடி பண்ணுது ஒனக்கு?" என்று கேட்டார்.

இவ்வளவுதான் அக்கா. பாவி, இவ்வளவுதான் வேண்டியிருந்தது.